இன்கிரிமென்டல், டிஃபரன்ஷியல் பேக்கப்: தமிழில் எப்படிச் சொல்வது?

அனுப்புநர்: கையேட்டு மொழிபெயர்ப்பாளர்

நண்பர்களே, வணக்கம்.

அலுவலக நெட்வொர்க்கில் எல்லோரும் பகிர்ந்து பயன்படுத்தும் தரவுத்தளத்துக்கு எப்படிப் பேக்கப் எடுப்பது என்ற கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பேக்கப்புக்குக் காப்புநகல், ரீஸ்டோருக்கு மீட்டெடுப்பு என்று போட்டிருக்கிறேன். இடிப்பவை இரண்டு சொற்கள்: இன்கிரிமென்டல், டிஃபரன்ஷியல். பழைய வரைவில் 'அதிகரிப்புக் காப்புநகல்', 'வேறுபாட்டுக் காப்புநகல்' என்று இருக்கின்றன. படித்துவிட்டு எது எது என்று யாராலும் சொல்ல முடியாது.

கையேட்டைப் புரட்டப்போகிறவர் கணினிப் பொறியாளர் அல்லர், கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவர். சர்வரின் வட்டு போய்விட்ட அன்று எந்தக் கோப்பை முதலில் எடுப்பது, எதைத் தொலைக்கவே கூடாது என்பது பெயரைப் பார்த்தாலே அவருக்குத் தெரிய வேண்டும்.

அனுப்புநர்: தரவுத்தள நிர்வாகி

ஐயா, ஆங்கிலச் சொல்லிலிருந்து புறப்பட்டால் இது விடியாது. அந்தச் சொற்களே நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகின்றன. பெரும்பாலான மென்பொருள்களில் டிஃபரன்ஷியல் என்றால் கடைசி முழுக் காப்புக்குப் பின் மாறியவை எல்லாம். இன்கிரிமென்டல் என்றால் அதற்கு முந்தைய காப்பு எதுவோ அதற்குப் பின் மாறியவை மட்டும். ஆரக்கிளின் ஆர்மேன் கருவியில் டிஃபரன்ஷியல் என்பதே இன்கிரிமென்டலில் ஒரு வகை. மற்றவர்கள் டிஃபரன்ஷியல் என்பதை அங்கே கியூமுலேட்டிவ் என்கிறார்கள். மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வரிலோ இன்கிரிமென்டல் என்ற பெயரே கிடையாது. முழு, டிஃபரன்ஷியல், லாக் (மாற்றங்களின் பதிவேடு) என்று முக்கியமாக மூன்று.

மீட்கும்போது என்ன நடக்கிறது என்பதை வைத்துப் பெயரிடுவோம். ஞாயிறு இரவு முழுக் காப்பு, மற்ற இரவுகளில் சிறு காப்பு. வியாழன் நண்பகலில் வட்டு போகிறது. இன்கிரிமென்டல் முறையில் ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன் என 4 கோப்புகளும் அதே வரிசையில் வேண்டும். செவ்வாய்க் கோப்பு கெட்டிருந்தால் புதன் கோப்பு கையில் இருந்தும் பயனில்லை. திங்கள் இரவு நிலைக்குத்தான் திரும்ப முடியும். டிஃபரன்ஷியலில் ஞாயிறும் புதனும் போதும். ஆனால் கோப்பு நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டே போகும். ஒன்று தொடர், மற்றது திரட்டு. ஆகவே தொடர் காப்பு, திரள் காப்பு என்று முன்மொழிகிறேன்.

அனுப்புநர்: இலக்கண ஆசிரியர்

திரள்காப்பு நல்ல சொல். சேர்த்தே எழுதுங்கள், ஒற்று மிகாது. அது வினைத்தொகை: திரண்ட காப்பு, திரள்கின்ற காப்பு, திரளும் காப்பு என்று மூன்று காலத்துக்கும் பொருந்தும். புதனன்று திரண்டிருக்கிறது, வியாழனன்று மேலும் திரளும். பொருளுக்கு இதைவிட நெருக்கமாக ஓர் இலக்கணம் அமையாது.

'நகல்' மீது எனக்குத் தீராத மனக்குறை உண்டு. அது அரபு வழி வந்தது. 'பிரதி' வடசொல். நமக்குப் 'படி' இருக்கிறது. கையெழுத்துப்படி, அச்சுப்படி என்று இன்றும் வழங்குகிறோம். ஏட்டுச்சுவடி செல்லரிக்கும் முன் இன்னொரு படி எடுத்து வைத்ததால்தான் பழைய நூல்கள் நம்மிடம் வந்து சேர்ந்தன. காப்புப்படி என்றே போடலாமே?

மூன்று வகைக்கும் நன்னூலிலேயே பெயர் இருக்கிறது: முதல், வழி, சார்பு. முதனூல் வேறெதையும் சாராதது. வழிநூல் முதனூலைப் பின்பற்றுவது. சார்புநூல் முதலுக்கும் வழிக்கும் கடன்பட்டது. முழுக் காப்புக்கு முதற்காப்பு, டிஃபரன்ஷியலுக்கு வழிக்காப்பு, இன்கிரிமென்டலுக்குச் சார்புக்காப்பு என்று வைத்தால் எது எதை நம்பி நிற்கிறது என்பது பெயரிலேயே வந்துவிடுகிறது. மொழிபெயர்ப்பாளர் கேட்டதும் அதுதானே?

அனுப்புநர்: மென்பொருள் தமிழாக்கர்

ஐயா, நன்னூல் ஒப்புமை அழகானது, மறுக்கவில்லை. ஆனால் சர்வர் நின்றுபோய் எல்லோரும் காத்திருக்கும் நேரத்தில் சூத்திரத்தை நினைவுகூர்ந்து கோப்பு தேடச் சொல்ல முடியுமா?

'படி'யும் திரையில் சிக்கல். 'படி 3' என்றால் மூன்றாம் கட்டமா, மூன்றாம் பிரதியா? பொத்தானில் வந்தால் வாசி என்ற ஏவலாகிவிடும். இன்கிரிமென்டலுக்கு வளர்காப்பு என்று ஒரு சொல் முன்பு புழங்கியது. தொலைபேசியில் சொல்லும்போது வளைகாப்பு என்றே காதில் விழுந்தது. ஒலியையும் பார்க்க வேண்டும்.

ரீஸ்டோருக்கு மீட்டமை என்று மட்டும் எங்கும் போட்டுவிடாதீர்கள். பல திரைகளில் அது ரீசெட்டுக்கு உரியதாகிவிட்டது. மீட்டெடுக்க வந்தவர் அமைப்பையே அழித்துவிடக்கூடும்.

அனுப்புநர்: தரவுத்தள நிர்வாகி

'நகல்' வேண்டாம் என்பதில் ஆசிரியர் பக்கமே நிற்கிறேன், காரணம் மட்டும் வேறு. நகல் என்ற சொல்லைப் பார்த்ததும் ஃபோல்டரைத் திறந்து காப்பி, பேஸ்ட் செய்யத் தோன்றும். இயங்கிக்கொண்டிருக்கும் தரவுத்தளக் கோப்பை அப்படி எடுத்தால், ஒரு பகுதி பதிவுக்கு முந்தைய நிலையிலும் மற்றொரு பகுதி பிந்தைய நிலையிலும் இருக்கும். திறக்கலாம், பற்று வரவு ஒத்துப்போகாது. ஆக்சஸ் கோப்பு என்றால் எல்லோரும் வெளியேறிய பிறகுதான் எடுக்க வேண்டும். பக்கத்தில் பூட்டுக் கோப்பு இன்னும் கிடந்தால் யாரோ உள்ளே இருக்கிறார்கள், அல்லது யாருடைய கணினியோ பாதியில் நின்றிருக்கிறது. மைஎஸ்கியூஎல்லில் இன்னோடிபி என்ற சேமிப்பு முறையில் உள்ள அட்டவணைகளுக்கு, தரவை வெளியே எடுத்துத் தரும் டம்ப் கட்டளையோடு சிங்கிள் டிரான்ஸாக்ஷன் விருப்பத்தைச் சேர்த்தால், யாரையும் நிறுத்தாமலேயே ஒரே கணத்து நிலை கிடைக்கும். கையேட்டில் 'காப்பு' மட்டும் போதும்.

நன்னூல் பெயர்களை உரசிப் பார்த்தேன். முழுக் காப்பு எடுத்த மறுநாள், திங்கள் இரவில், இரு முறையிலும் வருவது ஒரே மாற்றங்கள்தாம். அதை வழி என்பதா, சார்பு என்பதா? ஆனாலும் ஓரிடத்தில் அவை எங்கள் சொற்களைவிட நன்றாக வேலை செய்கின்றன. எஸ்கியூஎல் சர்வரில் புதன் காலையில் ஒருவர் தனக்கென ஒரு முழுக் காப்பைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். அன்றிரவு முதல் டிஃபரன்ஷியல்களுக்கு அடிப்படை அந்தக் கோப்புதான், ஞாயிறு கோப்பு அல்ல. அது தொலைந்தால் வியாழன், வெள்ளிக் கோப்புகள் வீண். 'முதல் மாறிவிட்டது' என்று இரண்டே சொல்லில் இதைச் சொல்லிவிடலாம். இதைத் தவிர்க்கத்தான், அடிப்படையை மாற்றாமல் முழுக் காப்பு எடுக்கும் காப்பி ஒன்லி விருப்பம் இருக்கிறது. அதற்கும் ஒரு பெயர் வேண்டும், தனிக்காப்பு என்கிறேன்.

திரள் எவ்வளவு திரளலாம் என்பதையும் எழுதுங்கள். எஸ்கியூஎல் சர்வர் மாற்றத்தை 64 கிலோபைட் துண்டு துண்டாகக் குறித்துக்கொள்கிறது; ஓர் எழுத்து மாறினாலும் முழுத் துண்டும் காப்புக்குள் வரும். தேடலை விரைவாக்கும் இண்டெக்ஸை மறுகட்டமைத்த இரவில் திரள் சட்டென்று வீங்கும். முழுக் காப்பின் பாதி அளவை நெருங்கினால் ஞாயிறுக்குக் காத்திராமல் புதிய முழுக் காப்பு எடுத்துவிடுவது நல்லது.

அனுப்புநர்: இலக்கண ஆசிரியர்

திங்களன்று இரண்டும் ஒன்றே என்பது சரி. சார்பு என்பது அந்த ஒரு கோப்பின் பெயர் அன்று, முறையின் பெயர். முதலை மட்டும் பின்பற்றுவது வழி என்ற வரையறை அப்போதும் நிற்கும்.

'தொடர் காப்பு' என்பதில் எனக்கு உடன்பாடில்லை. இடைவிடாத காப்பு என்றே யாரும் பொருள்கொள்வர்.

அனுப்புநர்: தரவுத்தள நிர்வாகி

அந்த மயக்கம் உண்மையிலேயே ஆபத்தானது. இடைவிடாமல் இன்னொரு சர்வருக்கு மாற்றங்களை அனுப்பும் ரெப்ளிகேஷனைக் காப்பு என்று நம்பும் அலுவலகங்கள் பல. இங்கே ஓர் அட்டவணையை அழித்தால் நொடியில் அங்கேயும் அழிந்துவிடும். சங்கிலிக் காப்பு என்று மாற்றிக்கொள்கிறேன். வடசொல் வேர் என்று ஆசிரியர் சொல்வார், ஆனால் ஒரு கண்ணி அறுந்தால் மிச்சமெல்லாம் போகும் என்பது யாருக்கும் விளங்கும்.

மொழிபெயர்ப்பாளருக்கு இரண்டு திருத்தங்கள். ஐந்தாம் பக்கத்தில் நெட்வொர்க் டிரைவின் எழுத்தைக் கொடுத்துக் காப்பை அங்கே அனுப்பச் சொல்கிறீர்கள். அந்த எழுத்து உள்நுழைந்த பயனருக்குத்தான் தெரியும். தரவுத்தளச் சேவை வேறு கணக்கில் ஓடுவதால் பாதை இல்லை என்று பிழை வரும். சர்வர் பெயரோடு தொடங்கும் முழுப் பாதையைக் கொடுத்து, அந்தச் சேவைக் கணக்குக்கு ஃபோல்டரில் எழுதும் அனுமதியும் கொடுக்க வேண்டும். அடுத்து, எப்போதும் இணைந்தே இருக்கும் ஃபோல்டரை, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் சேர்த்தே பூட்டிவிடும். ஒரு காப்பாவது இணைப்பு கழற்றிய வட்டில், வேறு கட்டிடத்தில் இருக்கட்டும்.

அனுப்புநர்: கையேட்டு மொழிபெயர்ப்பாளர்

நாள் நெருங்கிவிட்டது. முழுக் காப்பு, திரள்காப்பு, சங்கிலிக் காப்பு, தனிக்காப்பு என்று அச்சுக்குக் கொடுக்கிறேன். முதல் முறை வரும் இடத்தில் டிஃபரன்ஷியல், இன்கிரிமென்டல் என்பவையும் உடன் இருக்கும். இரு திருத்தங்களும் சேர்ந்துவிட்டன. சோதனை மீட்டெடுப்பும் தனிப் பத்தியாகிவிட்டது: மாதம் ஒருமுறை வேறொரு பெயரில் மீட்டெடுத்து, கடைசி ரசீது எண்ணையும் அட்டவணைகளின் வரிசை எண்ணிக்கையையும் ஒப்பிட வேண்டும்.

அனுப்புநர்: மென்பொருள் தமிழாக்கர்

ஏற்கிறேன். திரையில் 'சங்கிலிக் காப்பு' பொத்தானுக்குள் அடங்குமா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அனுப்புநர்: இலக்கண ஆசிரியர்

பெரும்பான்மைக்குத் தடையில்லை. சங்கிலிக்கு மட்டும் என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். சார்புக்காப்பு என்பதே சரி. அடுத்த பதிப்பு வரும்போது மீண்டும் எழுதுவேன்.