மதியம் மூணு மணிக்கு மேல் உடம்பில் சார்ஜே இல்லை, என்ன செய்யலாம்?

மஞ்சக்குப்பத்துக்காரி:
எல்லோருக்கும் வணக்கம். வயது 34. கடலூரில் இருந்து தினமும் பாண்டிக்கு பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறேன், கணக்கு எழுதும் வேலை. காலை 4.45க்கு எழுந்து சமைத்து, நாலு டிபன் பாக்ஸ் கட்டி, 7.30 பஸ்ஸில் ஏறினால் கன்னியக்கோயில் வருவதற்குள் பக்கத்து சீட் அம்மாவின் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருப்பேன். மதியம் வரை எப்படியோ ஓடிவிடும். மூணு மணி ஆனால் போதும், ஸ்கிரீனில் எண்கள் எறும்பு ஊர்வது மாதிரி தெரியும். போன வாரம் ஒரே பில்லை இரண்டு தடவை ஏற்றிவிட்டு நல்லா வாங்கிக் கட்டிக்கொண்டேன். டீ ஒரு நாளைக்கு அஞ்சு, அதில் ஒன்று சாப்பிட்ட கை காய்வதற்குள், கடைசி டீ சாயங்காலம் 5.30க்கு. படுக்க 11.30 ஆகிவிடும். கூட வேலை செய்யும் பெண் ஏதோ எனர்ஜி பவுடர், டப்பா 1,200 ரூபாய், குடித்தால் குதிரை மாதிரி ஓடலாம் என்கிறாள். வாங்கலாமா?

உப்பங்கழி:
குதிரையாக ஓடி எங்கே போகப் போறீங்க, அரியாங்குப்பம் பாலத்தில் எப்படியும் டிராஃபிக்கில் நிற்கத்தான் வேண்டும். விளையாட்டுக்குச் சொன்னேன், கோபித்துக்கொள்ளாதீங்க. 11.30க்குப் படுத்து 4.45க்கு எழுந்தால் அஞ்சேகால் மணி நேரம், பெரியவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள், ஒன்றே முக்கால் மணி நேரக் கடன் தினமும் ஏறுகிறது. அப்புறம் அந்த 5.30 டீ. டீயில் இருக்கும் கேஃபீன் பாதியாகக் குறையவே ஏறக்குறைய அஞ்சு மணி நேரம் ஆகும், அதாவது 10.30க்கும் பாதி டீ உடம்பிலேயே இருக்கிறது, தூக்கம் எங்கிருந்து வரும்? நானும் அப்படித்தான் இருந்தேன். மதியம் இரண்டு மணிக்கு மேல் டீயைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். முதல் நாலு நாள் தலைவலி பின்னி எடுத்துவிட்டது, பொய் சொல்ல மாட்டேன். அதன் பிறகு பத்தரைக்கே கண் சொருக ஆரம்பித்தது. நாலு டப்பாவில் இரண்டை வீட்டுக்காரர் கட்டக் கூடாதா என்று கேட்கலாம்தான், அது உங்கள் வீட்டு விஷயம்.

ரத்தக்குழாய்:
தோழி, நான் பாண்டியில் ஒரு லேபில் வேலை செய்கிறேன். பவுடர் பக்கமே போகாதீங்க, முதலில் ரத்தம் பாருங்க. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று வந்தது, லேபில் உட்கார்ந்து பார்க்கிற எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே போனால் ரத்தசோகைக் கணக்குதான். எட்டு ஒன்பதில் வைத்துக்கொண்டு வீட்டு வேலை, ஆபீஸ் வேலை இரண்டையும் இழுத்துக்கொண்டு "கொஞ்சம் அசதியா இருக்கு" என்று மட்டும் சொல்கிறவர்கள் தினமும் வருகிறார்கள். அதோடு ஃபெரிடின் (உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும்), தைராய்டுக்கு டிஎஸ்எச், வைட்டமின் பி12, சர்க்கரை இவற்றையும் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்க. சைவம் என்றால் பி12 கட்டாயம்.

சாப்பிட்ட கை காய்வதற்குள் டீ என்று எழுதியிருந்தீங்களே, அங்கேதான் எனக்குக் கண் நின்றது. கீரை, பருப்பில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு ஏற்கவிடாமல் டீ தடுக்கும். முருங்கைக்கீரைப் பொரியல் சாப்பிட்டுவிட்டு மேலே டீயை ஊற்றினால் பாதி உழைப்பு வீண். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்க. கீரை மேல் எலுமிச்சை பிழிந்தாலோ, டிபன் பாக்ஸில் ஒரு நெல்லிக்காய் போட்டுக்கொண்டாலோ இரும்பு நன்றாகச் சேரும்.

இன்னொன்று, நேரடியாகவே கேட்கிறேன். பஸ்ஸில் போகும்போது அவசரம் வந்தால் எங்கே போவது என்று தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறீர்களா?

மஞ்சக்குப்பத்துக்காரி:
அய்யோ, எப்படிக் கண்டுபிடிச்சீங்க! காலையில் ஒரு டம்ளர், ஆபீஸில் ஒரு பாட்டில், அதுவும் சாயங்காலம் பாதி மிச்சம் இருக்கும்.

தவளக்குப்பம் சித்தப்பா:
பாப்பா, நான் 56 வயது சர்க்கரைக்காரன், என் அனுபவம் உனக்கு எவ்வளவு பொருந்தும் தெரியாது. எனக்கும் மதியம் கண்ணைக் கட்டும். குண்டான் சோறும் சாம்பாரும் அடித்துவிட்டு உட்கார்ந்தால் வேறென்ன ஆகும். சோற்றைப் பாதியாக்கி, பக்கத்தில் முட்டையோ நெத்திலிக் குழம்போ சுண்டலோ ஏதாவது ஒன்றைக் கூட்டினேன். சாப்பிட்டதும் பத்து நிமிஷம் நடை. இரண்டும் சேர்ந்து வேலை செய்தது. பழைய சோறும் சின்ன வெங்காயமும் சாப்பிட்டுவிட்டு எங்க அப்பா நாள் முழுக்க ஏர் ஓட்டவில்லையா என்று கேட்பார்கள், ஓட்டினார், ஆனால் எட்டு மணிக்கே படுத்துவிடுவார், அதை யாரும் சொல்வதில்லை. சாயங்காலம் பஸ் ஏறுவதற்கு முன்னால் நேரம் இருந்தால் பீச் ரோட்டுக்குப் போ. ஆறு மணிக்கு மேல் வண்டி விடமாட்டான், காந்தி சிலையில் இருந்து ஒரு நடை போய்விட்டு வந்தால் மூளை கழுவி விட்ட மாதிரி இருக்கும்.

உப்பங்கழி:
சித்தப்பா, அவங்க ஆறு மணிக்கு பீச்சுக்குப் போனால் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு யார் செய்வது? ஞாயிற்றுக்கிழமை கடலூரிலேயே தேவனாம்பட்டினம் பீச்சுக்குப் போங்க, அதுதான் நடக்கிற காரியம்.

மஞ்சக்குப்பத்துக்காரி:
மூணு வாரம் கழித்து வருகிறேன். ஹீமோகுளோபின் 9.1, ஃபெரிடினும் ரொம்பக் குறைவு, தைராய்டு சரியாக இருக்கிறது. மாதவிலக்கு எத்தனை நாள், எவ்வளவு போகிறது என்று டாக்டர் கேட்டார். ஏழு நாள், முதல் இரண்டு நாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நாப்கின் மாற்றுவேன் என்றேன். இத்தனை வருஷமாக இதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்றார், எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஸ்கேன் எழுதிக் கொடுத்திருக்கிறார், இரும்பு மாத்திரை ஆரம்பித்தாகிவிட்டது. டீ இரண்டாகக் குறைந்தது. படுக்கை 10.30, அதற்கு முன்னால் படுக்க முடியவில்லை. இன்னும் குதிரை ஆகவில்லை. மாத்திரை போட்டால் வயிற்றைப் பிரட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது, நிறுத்திவிடலாமா என்று பயமாக இருக்கிறது.

ரத்தக்குழாய்:
நிறுத்தாதீங்க. இரும்பு மாத்திரைக்குக் கறுப்பாகத்தான் போகும், அதற்குப் பயம் வேண்டாம். தார் மாதிரி பிசுபிசுவென்று போனாலோ வயிற்று வலி வந்தாலோ மட்டும் உடனே காட்டுங்க. பிரட்டலுக்குச் சாப்பிட்ட பிறகு போடலாமா, ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடலாமா என்று எழுதிக் கொடுத்த டாக்டரிடமே கேளுங்க, மாற்றித் தருவார். ஸ்கேனைத் தள்ளிப் போடாதீங்க, ரத்தம் போகிற வழி அடைபடாமல் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான். அந்தப் பவுடர் என்னாச்சு?

மஞ்சக்குப்பத்துக்காரி:
வாங்கவில்லை. அந்தப் பெண்ணையும் ரத்தம் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அவள் டப்பா இரண்டாவது தடவை தீர்ந்துவிட்டது, ஆனாலும் மூணு மணிக்கு டேபிளில் தலை வைத்துத்தான் படுக்கிறாள்.