அரங்கேற்றத்துக்கு 5 வாரம்தான் இருக்கிறது: மேடையில் கை நடுங்குகிறது, ஆடிக்கொண்டிருக்கும்போதே மறந்துபோகிறது

முல்லை_திருச்சி:
வணக்கம். மகளுக்கு 14 வயது, பரதநாட்டிய அரங்கேற்றம் நெருங்குகிறது. வகுப்பில் வர்ணம் (நிகழ்ச்சியின் நீளமான முக்கிய உருப்படி) முழுவதையும் பிசகில்லாமல் ஆடுகிறாள். மேடை என்றால் விரல் நடுங்கி, வாய் உலர்ந்துவிடுகிறது. போன நிகழ்ச்சியில் ஜதிஸ்வரம் என்ற உருப்படியில் ஒரு கோர்வை (அசைவுகளின் தொடர்) மறந்து அப்படியே நின்றுவிட்டாள். "பயப்படாதே" என்று சொல்வதைத் தவிர உருப்படியாக என்ன செய்யலாம்?

தாளக்கட்டை:
அந்த வார்த்தையை முதலில் நிறுத்துங்கள் அம்மா. மேடையேறும் முன் அட்ரினலின் சுரக்கத்தான் செய்யும். நெஞ்சு அடித்துக்கொள்ளும், எச்சில் வற்றும். அந்த நிலையிலேயே ஆட உடம்பைப் பழக்க வேண்டும். தினமும் 2 நிமிடம் ஸ்கிப்பிங் ஆடவிட்டு, மூச்சு வாங்கும்போதே முதல் உருப்படியான அலாரிப்பைத் தொடங்கச் சொல்லுங்கள். படபடப்போடு அரைமண்டியில் (முழங்காலை மடக்கிய பாதி அமர்வில்) உட்காருவது மேடையில் அவளுக்குப் புதிதாக இருக்கக் கூடாது.

மறதிக்குக் காரணம் வேறு. எப்போதும் முதலிலிருந்தே ஆடிப் பழகியதால் ஒரு அடவு (அடிப்படை அசைவு) அடுத்ததை இழுத்து வருகிறது. நடுவில் ஒன்று அறுந்தால் மிச்சமும் போய்விடும். வர்ணத்தைத் துண்டாக்குங்கள்: திரிகாலத் தீர்மானம் (மூன்று வேகத்தில் ஜதிக்கு ஆடுவது), அடுத்தடுத்த தீர்மானங்கள், முக்தாயி ஸ்வரம் (முதல் பாதியின் ஸ்வரப் பகுதி), சரணம் (இரண்டாம் பாதி). சீட்டில் எழுதிக் குலுக்கி, வந்த இடத்திலிருந்து ஆடட்டும். எந்தச் சொல்லில் எடுப்பு (தொடக்கம்), எந்தக் கால் முதலில், மேடையில் எந்த இடம் என்று ஒவ்வொரு துண்டுக்கும் ஆடாமலே சொல்லத் தெரிய வேண்டும். கையில் தாளம் போட்டு வாயால் ஜதி (தாளச் சொற்கட்டு) சொல்லத் தெரிந்த பிள்ளைக்குக் கால் மறந்தாலும் சொல் கைகொடுக்கும்.

அப்படியும் மறந்தால் நிற்கவே கூடாது. தீர்மானத்தில் என்றால் அரைமண்டியை விடாமல் தாளத்துக்குத் தட்டிக்கொண்டே இருந்து, அறுதியில் (முடிப்பில்) சேர்ந்துகொள்ளலாம். சாகித்தியத்தில் (பாடல் வரியில்) என்றால் தட்டிமெட்டை (தாளத்துக்குக் கால் தட்டுவதை) தொடர்ந்தால் போதும், பாடுபவர் அந்த வரியைத் திரும்பப் பாடுவார், முதல் கை முத்திரையை அங்கே பிடித்துவிடலாம். நட்டுவாங்கம் செய்பவரிடம் (தாளம் தட்டி ஜதி சொல்பவரிடம்) இதை முன்கூட்டியே பேசிவையுங்கள். வகுப்பில் வேண்டுமென்றே அவளைக் குழப்பி, மீண்டு வருவதையும் ஒத்திகை பாருங்கள். பலரும் விட்டுவிடுகிற பயிற்சி இதுதான்.

ராக்கொடி:
உடையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஒட்டியாணத்தை நின்றபடி இறுக்கிக் கட்டினால் அரைமண்டியில் வயிறு அழுந்தி மேல்மூச்சு வாங்கும். அதுவே படபடப்பாகத் தெரியும், பிள்ளை பயம் என்று நினைத்துக்கொள்ளும். அரைமண்டியில் இருக்கச் சொல்லி, மூச்சை நன்றாக இழுக்கவைத்து அளவு பாருங்கள். ஜடை, ராக்கொடி, சலங்கை எல்லாம் போட்டு முழு மார்க்கத்தையும் (எல்லா உருப்படிகளையும்) 2 முறையாவது ஆடிவிட வேண்டும். தலைப்பாரம் கூடினால் சுற்றும்போது நிலை தடுமாறும்.

மேக்கப்பைச் சீக்கிரம் தொடங்கி, திரை விலகுவதற்கு 45 நிமிடம் முன்பே முடித்துவிடுங்கள். சாப்பாடு 3 மணி நேரம் முன்பு, இட்லியோ தயிர்சாதமோ போதும். காபி நடுக்கத்தைக் கூட்டும், வேண்டாம். தண்ணீரை மடக்கு மடக்காகக் கொடுங்கள். விங்ஸில் (மேடையின் பக்கவாட்டு மறைவில்) நிற்கும்போது 4 எண்ணி மூச்சை இழுத்து, 6 எண்ணி விடட்டும். 5, 6 தடவை செய்தாலே படபடப்பு கொஞ்சம் தணியும். முஷ்டியை இறுக்கி 5 எண்ணித் தளர்த்துவதும் உதவும். விரல் நடுக்கம் விரல்களை நீட்டிப் பிடிக்கும் பதாக முத்திரையில்தான் அதிகம் தெரியும். முழங்கை தொங்காமல் தூக்கிப் பிடித்தால் குறையும்.

கண்ணாடி_இல்லாமல்:
கண்ணையும் பழக்குங்கள். வகுப்புக் கண்ணாடியில் தன்னையே பார்த்து ஆடிய பிள்ளைக்கு மேடையில் எதிரே இருட்டு, முகத்தில் லைட். திசையே குழம்பும். இன்றிலிருந்தே கண்ணாடியைத் துணி போட்டு மூடிவிடுங்கள். "சபையைப் பார்க்காதே" என்று பலரும் சொல்லும் அறிவுரை எனக்கு உடன்பாடில்லை, பார்வை அலைந்தால் பயம் அப்படியே வெளியே தெரியும். 'யதோ ஹஸ்தஸ் ததோ த்ருஷ்டி' என்று ஸ்லோகம் சொல்லிக்கொடுத்திருப்பார்களே, கை போகிற இடத்துக்குக் கண் போகட்டும். கை நேரே முன்னால் வரும்போது கடைசி வரிசைக்குச் சற்று மேலே ஒரு புள்ளி வைத்துக்கொள்ளட்டும்.

முல்லை_திருச்சி:
எல்லாருக்கும் நன்றி. சீட்டுக் குலுக்கலை இன்றே தொடங்குகிறோம். ஒரு சந்தேகம்: நடுக்கம் நிற்க ப்ராப்ரனலால் மாத்திரை கொடுக்கலாம் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு.

ராக்கொடி:
வேண்டவே வேண்டாம். அந்த மாத்திரை ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும், ஆபத்து. வீசிங் இல்லாத பிள்ளைக்குக்கூட டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. அவளைப் பார்க்கும் டாக்டரிடம் அரங்கேற்றத் தேதியைச் சொல்லி, ஆடுவதற்கு முன் இன்ஹேலர் எடுக்க வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இன்ஹேலர் விங்ஸில் நிற்பவர் கையிலேயே இருக்கட்டும். மேக்கப் அறையில் வைத்துவிடாதீர்கள். சாம்பிராணிப் புகையும் வீசிங்கைக் கிளப்பும், மேடைப் பூஜையில் அதைத் தவிர்த்துவிடுங்கள்.