டெல்லி ஆர்ட் ஃபேர்ல படம் வைக்கக் கூப்பிடுறாங்க, போகலாமா? ஃபேர்னால ஆர்ட்டிஸ்டுக்கு நிஜமா என்ன கிடைக்குது?

காவிரிக்கரை (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில பெயின்டிங் முடிச்சேன், இப்ப தஞ்சாவூர் பக்கத்துல வீட்டு மாடியில வரைஞ்சிட்டிருக்கேன். பெரும்பாலும் காகிதத்துல சார்கோல் (கரி), சின்ன சைஸ்தான், ஆத்து மணல் அள்ளின குழி, வத்தின வாய்க்கால், அந்த மாதிரி. சென்னையில ஒரு குரூப் ஷோவுல பார்த்துட்டு ஒரு கேலரிக்காரங்க பேசினாங்க. அடுத்த இந்தியா ஆர்ட் ஃபேர்ல, அதாவது கேலரிங்க டெல்லியில கடை போட்டு படம் விக்கிற சந்தையில, அவங்க பூத்ல (கடையில) என் வேலையை வைக்கலாமாம், ஆனா காகிதம் வேண்டாம், கேன்வாஸ் பண்ணுங்க, குறைஞ்சது அஞ்சடிக்கு நாலடி, ஆறு படம், கலர் கொஞ்சம் வரட்டும்னு சொல்றாங்க. கமிஷன் பாதிக்குப் பாதி, அதுக்கு மேல ஃப்ரேம் செலவும் டெல்லிக்கு அனுப்புற செலவும் என்னோடதாம்.

இதுவரைக்கும் ஒரு படம் 18 ஆயிரம், 20 ஆயிரம்னுதான் வித்திருக்கேன். அவங்க கேன்வாஸுக்கு ஒன்றரை லட்சம் போடலாம்ங்கிறாங்க. கேட்கவே சந்தோஷமாதான் இருக்கு, ஆனா ராத்திரி படுத்தா பயமாவும் இருக்கு. அங்க போய் வந்தவங்க, வேலை பார்த்தவங்க, வாங்கினவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. ஃபேர்ங்கிறது ஆர்ட்டிஸ்டோட வேலையை என்ன பண்ணுது, மார்க்கெட்டை என்ன பண்ணுது? எனக்கு ரெண்டுமே தெரியணும்.

---

ஒக்லா கூடாரம்

நான் டெல்லியில ஒரு கேலரியில அசிஸ்டென்டா இருந்தவ, இப்ப வேற வேலை. ஃபேர் சமயத்துல படம் மாட்டுறதுல இருந்து பில் போடுறது வரைக்கும் பார்த்திருக்கேன், அதனால உள்பக்கம் எப்படி ஓடுதுன்னு சொல்றேன்.

முதல்ல அவங்க ஏன் பெரிய கேன்வாஸ் கேட்கிறாங்கன்னு புரிஞ்சிக்கோங்க. பூத்தை சதுர மீட்டர் கணக்குல வாடகைக்கு எடுக்கிறாங்க, அதுக்கு மேல லைட், கூடுதல் சுவர், இன்ஷூரன்ஸ், லாரி, ஆளுங்களுக்கு ஹோட்டல். வியாழக்கிழமை பிரிவியூ (முக்கியமானவங்களுக்கு மட்டும் முதல்ல காட்டுறது), ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கூடாரத்தைக் காலி பண்ணணும். அந்த நாலு நாளுக்குள்ள சுவர்ல ஒவ்வொரு அடியும் தன் வாடகையைச் சம்பாதிச்சாகணும். உங்க சார்கோல் படங்களை மாட்டுற இடத்துல ஒரு அஞ்சடி கேன்வாஸ் இன்னும் அதிக காசு கொண்டு வரும்னா கேலரிக்காரர் எதை மாட்டுவார்? அவர் கெட்டவர்னு சொல்லல, கணக்கு அப்படி. ஆனா இந்தக் கணக்குதான் மெல்ல மெல்ல ஆர்ட்டிஸ்ட் ஸ்டுடியோக்குள்ள வந்து உக்காந்துக்குது. தூரத்துல இருந்தே கண்ணை இழுக்கணும், போட்டோவுல நல்லா வரணும், சோபாவுக்கு மேல மாட்டுற மாதிரி இருக்கணும். வீடியோ பண்றவங்க, ரூம் முழுக்க இன்ஸ்டலேஷன் பண்றவங்க, மெதுவா வேலை பண்றவங்க, இவங்களுக்கு பூத்ல இடம் குறைஞ்சிக்கிட்டே போகும்.

இன்னொண்ணு, வியாபாரம் பாதி கூடாரத்துக்கு வெளியவே முடிஞ்சிடும். ஃபேருக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடியே முக்கியமான கலெக்டர்களுக்கு பிடிஎஃப் போகும், எந்தப் படம், என்ன சைஸ், என்ன விலைன்னு. வேற யாருக்கும் விக்காம எடுத்து வைங்கன்னு ஹோல்ட் போட்டுடுவாங்க. பிரிவியூ அன்னைக்குக் காலையில கதவு திறந்ததும் நேரா அந்தப் படத்துக்கு வருவாங்க, நேர்ல ஒரு தடவை பார்ப்பாங்க, பின்பக்கம் கையெழுத்தைக் காட்டச் சொல்வாங்க, தலையாட்டுவாங்க, அவ்ளோதான். சனி ஞாயிறு வர்ற கூட்டம் பார்க்க வர்ற கூட்டம். அதனால உங்க படம் அந்த பிடிஎஃப்ல எத்தனாவது பக்கம்னு கேளுங்க, அதுலயே தெரிஞ்சிடும் அவங்க உங்களை எங்க வச்சிருக்காங்கன்னு.

ஃபேரே கெடுதல்னு மட்டும் நினைச்சிடாதீங்க. 2008 ஆகஸ்ட்ல பிரகதி மைதான்ல இந்தியா ஆர்ட் சம்மிட்ங்கிற பேர்ல ஆரம்பிச்சப்ப 34 கேலரிதான், 2025ல 120 பேர் கடை போட்டாங்க. 2012ல பேரும் இந்தியா ஆர்ட் ஃபேர்னு மாறிச்சு, இடமும் டெல்லியிலயே ஒக்லாவுக்குப் போச்சு. ஃபேர் வர்றதுக்கு முன்னாடி வெளியூர் ஆர்ட்டிஸ்ட் ஒருத்தர் வேலையை மியூசியம்காரங்க, கியூரேட்டர்ங்க (கண்காட்சிக்கு வேலைகளைத் தேர்ந்தெடுக்கிறவங்க) ஒரே இடத்துல பார்க்கிற வழியே இங்க சரியா இல்லை.

கமிஷன் பாதிங்கிறது எல்லா ஊர்லயும் நடக்கிறதுதான். ஆனா பாதி எடுக்கிறவங்கதான் போக்குவரத்தையும் பார்த்துக்கணும். பாதியும் எடுத்துட்டு ஷிப்பிங்கும் உங்க தலையில கட்டுறாங்கன்னா ரிஸ்க் முழுக்க உங்களுதுன்னு அர்த்தம். ஒத்துக்காதீங்க.

---

கொட்டிவாக்கம் பெருசு

தம்பி, நான் மெட்ராஸ் ஆர்ட்ஸ் காலேஜ்ல படிச்சவன், பல வருஷமா வரையறேன். மேல அந்தப் பொண்ணு சொன்னது அத்தனையும் சரி, நான் விலையைப் பத்தி மட்டும் பேசுறேன், ஏன்னா உன் கேள்வியில என்னை உறுத்தினது அந்த ஒன்றரை லட்சம்தான்.

2008க்கு முன்னாடி மூணு நாலு வருஷம் ஒரு அலை அடிச்சது. பல பேர் பணத்தைச் சேர்த்து படம் வாங்குற ஆர்ட் ஃபண்டுன்னு ஆரம்பிச்சாங்க, பெயின்டிங்கை ஷேர் மாதிரி வாங்கினாங்க, காலேஜ் முடிச்ச பையன் படம் லட்சத்துல போச்சு. அந்த சம்மிட் நடந்தது ஆகஸ்ட்ல, செப்டம்பர்ல அமெரிக்காவுல லேமன் பிரதர்ஸ் பேங்க் கவுந்துது. வாங்கின பணக்காரங்க காணாம போயிட்டாங்க. பழைய மாஸ்டர்ங்க விலை கொஞ்ச நாள்ல எழுந்துடுச்சு, ஆனா அப்ப இளவட்டமா இருந்தவங்கள்ல எத்தனை பேர் அதோட நின்னு போனாங்க தெரியுமா? படத்துக்கு விலையை ஏத்தறது சுலபம், இறக்க முடியாது. லட்சத்துக்கு வாங்கினவனுக்கு அடுத்த வருஷம் அம்பதாயிரம்னு சொன்னா அவன் உன்னையும் நம்பமாட்டான், கேலரியையும் நம்பமாட்டான். இறக்கவும் முடியாம அந்த விலைக்கு விக்கவும் முடியாம வீடு நிறைய கேன்வாஸ் அடுக்கி வச்சிருக்கிற நல்ல ஓவியர்களை எனக்குத் தெரியும்.

வெளிநாட்டுலயும் இதே கதைதான். கானா நாட்டு ஓவியர் அமோவாகோ போவாஃபோ, 2019 டிசம்பர்ல ஆர்ட் பேசல் மயாமி பீச்ங்கிற அமெரிக்க ஃபேர்ல அவர் படங்களுக்கு அடிதடி. ரெண்டு மாசம் கழிச்சு 2020 பிப்ரவரியில லண்டன் ஃபிலிப்ஸ் ஏலத்துல அவரோட ஒரு படம், 30 ஆயிரத்துல இருந்து 50 ஆயிரம் பவுண்டு போகும்னு மதிப்பு போட்டிருந்தது, 6,75,000 பவுண்டுக்குப் போச்சு. அந்தக் காசு ஓவியருக்கா போச்சு? முன்னாடி கம்மி விலைக்கு வாங்கி வச்சிருந்தவருக்குப் போச்சு. ஃபேர்ல வாங்கி ஏலத்துல தள்ளுற கூட்டம்னே ஒண்ணு இருக்கு தம்பி. அவங்க வாங்குறது உன் படத்தை இல்ல, உன் பேர் மேல கட்டுற பந்தயத்தை.

பதினெட்டுல இருந்து முப்பது, அப்புறம் நாப்பத்தஞ்சுன்னு போ. கேன்வாஸ் பெருசுன்னா அதுக்குத் தகுந்த மாதிரி கூடட்டும், ஒரே தாவா தாவாதே. சென்னைப் பக்கம் சோழமண்டலம்ங்கிற ஓவியர் கிராமத்தை ஆரம்பிச்ச ஓவியர் பணிக்கர் மாஸ்டரும் அவரோட சேர்ந்தவங்களும் 1966ல என்ன பண்ணாங்க? பாத்திக்கும் (மெழுகு வச்சு சாயம் போடுற துணி) மத்த கைவினைப் பொருளும் செஞ்சு வித்து, அந்தக் காசுல ஈஞ்சம்பாக்கத்துல நிலம் வாங்கினாங்க. சோத்துக்கு வேற வழி இருந்தா படத்தை மார்க்கெட்டுக்காக வளைக்க வேண்டாம்ங்கிறதுதான் அதுல இருந்த யோசனை. இன்னைக்கும் அதைவிட நல்ல யோசனை நான் பார்க்கல.

---

வைட்ஃபீல்ட் சுவர்

பெரியவர் சொல்றதை மதிக்கிறேன், ஆனா வாங்குறவங்க எல்லாரும் பந்தயக்காரங்க இல்ல சார். நான் பெங்களூர்ல ஐடி வேலை, வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு படம் வாங்குறேன், இதுவரைக்கும் ஒண்ணைக் கூட வித்ததில்ல. கேலரிக் கண்ணாடிக் கதவைத் தள்ளி உள்ள போகவே எனக்குக் கூச்சமா இருக்கும், விலை கேட்டா என்ன நினைப்பாங்களோன்னு. ஃபேர்ல டிக்கெட் வாங்கினா நூறு கேலரிக்குள்ள சும்மா நுழையலாம், விலை கேட்கலாம், நாலு பூத் சுத்திட்டுத் திரும்பி வரலாம். நான் முதல் படம் வாங்கினது அப்படித்தான், சின்ன எச்சிங் (உலோகத் தகட்டுல இருந்து அச்செடுக்கிற படம்), ஆர்ட்டிஸ்டே பக்கத்துல நின்னு தகட்டை எப்படி ஆசிட்ல போட்டாங்கன்னு விளக்கினாங்க. என் மாதிரி புதுசா வாங்குறவங்க நிறைய பேர் வர்றது இந்த வழியாதான்னு நினைக்கிறேன்.

காவிரிக்கரை தம்பிக்கு ஒண்ணு சொல்லணும், சின்ன காகித வேலைக்கு ஆள் இல்லன்னு நினைக்காதீங்க. என் மாதிரி ஃபிளாட்ல இருக்கிறவனுக்கு அஞ்சடி கேன்வாஸ் மாட்டச் சுவர் கிடையாது. அதோட 2025 செப்டம்பர்ல ஓவியத்துக்கு ஜிஎஸ்டியை 12ல இருந்து 5 சதவீதம் ஆக்கிட்டாங்க, சின்ன பட்ஜெட்காரனுக்கு அது நல்ல வித்தியாசம்.

ஒரு வருத்தம் எனக்கும் உண்டு. ஃபேர்ல எல்லாத்தையும் வேகமா பார்க்க வேண்டியிருக்கு, ஒரு படத்து முன்னாடி பத்து நிமிஷம் நிக்க முடியல, அமைதியான வேலைங்க கண்ணுல படாமலே போகுது. கொச்சி பியனாலேங்கிற பெரிய கலைக் கண்காட்சியில எதுவும் விற்பனைக்கு இல்ல, அங்க அந்த ஆஸ்பின்வால் ஹவுஸ்ங்கிற பழைய கட்டடத்துல பார்த்த விதமே வேற. அந்த ஆத்து மணல் வேலையை அப்படி ஒரு இடத்துல பார்க்கணும்னு எனக்குத் தோணுது.

---

காவிரிக்கரை

ரொம்ப நன்றி, இவ்ளோ விவரமா சொல்வீங்கன்னு எதிர்பார்க்கல. கேலரியில பேசினேன். ஷிப்பிங் அவங்களே பார்த்துக்கிறாங்களாம், ஃப்ரேம் பாதிப் பாதி. ஆனா பதிலுக்கு மூணு வருஷம் வேற யார் மூலமாவும் விக்கக் கூடாது, இந்தியா முழுக்க அவங்கதான்னு எழுதித் தரச் சொல்றாங்க. பெருசு ஐயா சொன்ன அந்த ஏல விஷயம், பின்னாடி யாராவது பெரிய விலைக்கு வித்தா நமக்கு ஒண்ணுமே வராதா?

---

மதுரை வக்கீல்

சட்டப்படி வரணும். நம்ம காப்பிரைட் சட்டத்துல 53ஏன்னு ஒரு பிரிவு இருக்கு, ஓவியம், சிற்பம், டிராயிங்கோட ஒரிஜினல் 10 ஆயிரம் ரூபாய்க்கு மேல மறுவிற்பனை ஆனா வரைஞ்சவருக்கோ அவர் வாரிசுக்கோ அதுல பங்கு உண்டு, அதிகபட்சம் 10 சதவீதம். காப்பிரைட்டை எழுதிக் கொடுத்திருந்தாலும் இந்த உரிமை போகாது. சோகம் என்னன்னா யாரும் கேட்கிறதில்ல, யாரும் கொடுக்கிறதில்ல, யாருக்கிட்ட இருந்து யாருக்குப் போச்சுன்னு ஆர்ட்டிஸ்டுக்கே தெரியாது. இங்கிலாந்துல 2006ல இருந்து வசூல் பண்ணித் தர அமைப்பு இருக்கு, இங்க அப்படி ஒண்ணு நடைமுறையில இல்ல. ஓவியர் எம்.எஃப். ஹுசைனோட கிராம் யாத்ராங்கிற படம் 2025 மார்ச்ல நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்துல 1 கோடியே 37 லட்சம் டாலருக்கு மேல போச்சு, நம்ம பணத்துல 118 கோடி. அமெரிக்காவுல நடக்கிற ஏலத்துக்கு நம்ம 53ஏ செல்லாது, அங்க நாடு முழுக்கன்னு இந்த மாதிரி சட்டமே கிடையாது. அந்தத் தொகை போனது பல வருஷமா அந்தப் படத்தை வச்சிருந்த ஆஸ்லோ ஆஸ்பத்திரிக்கு, டாக்டர்ங்களோட பயிற்சிக்குன்னு. நல்ல காரியம்தான். ஆனா ரெக்கார்டு விலைக்கும் வரைஞ்சவர் வீட்டுக்கும் எவ்வளவு தூரம்னு பாருங்க.

அதனால உங்க ஒப்பந்தத்துலயே எழுதிக்கோங்க. வாங்கினவர் பேரு உங்களுக்குத் தெரிவிக்கணும், மறுபடி விக்கிறதா இருந்தா முதல்ல கேலரிகிட்டயும் உங்ககிட்டயும் கேட்கணும், வித்தா இத்தனை சதவீதம்னு பில்லுலயே ஒரு வரி. விக்காத படம் எத்தனை நாள்ல யார் செலவுல திரும்பி வரும், வித்த படத்துக்குப் பணம் எத்தனை நாள்ல வரும், டிஸ்கவுன்ட் கொடுத்தா யார் பங்குல கழிப்பாங்க, இதெல்லாம் வாய்ப்பேச்சா விடாதீங்க. மூணு வருஷம் இந்தியா முழுக்க எக்ஸ்குளூசிவ்னா பதிலுக்கு அவங்க என்ன தர்றாங்க? தனி ஷோ உண்டா, வருஷத்துக்கு இத்தனை படம் வாங்குறோம்னு உறுதி உண்டா? ஒண்ணும் இல்லன்னா அந்த ஃபேருக்கு மட்டும், அந்த ஆறு படத்துக்கு மட்டும்னு சுருக்கச் சொல்லுங்க.

---

ஒக்லா கூடாரம்

வக்கீல் சார் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கோங்க. ஆறு கேன்வாஸ்னு கேட்டவங்ககிட்ட ரெண்டு கேன்வாஸ், பன்னெண்டு சார்கோல்னு திருப்பிக் கேளுங்க, சார்கோலை ஒரே தொகுப்பா, ஒரே ஃப்ரேம் வரிசையா ஒரு சுவர் முழுக்க மாட்டலாம்னு ஒரு ஸ்கெட்ச் போட்டு அனுப்புங்க. சின்ன வேலை அப்படித் தொகுப்பா மாட்டினா சுவர் வாடகையும் வரும், தூரத்துல இருந்தும் ஆளை நிறுத்தும், நான் கண்ணால பார்த்திருக்கேன். மியூசியம்காரங்க தொகுப்பாதான் கேட்பாங்க. கலர் கூட்டச் சொன்னதுக்கு மட்டும் முடியாதுன்னே சொல்லிடுங்க, ஏன்னா அவங்க உங்ககிட்ட வந்ததே அந்தக் கருப்பைப் பார்த்துத்தான். கடைசித் தேதி எப்பன்னு கேட்டுச் சொல்லுங்க, ஃபேர் செலக்‌ஷனுக்கு கேலரி பல மாசம் முன்னாடியே விண்ணப்பம் அனுப்பணும், அதுல எந்த ஆர்ட்டிஸ்ட், என்ன வேலைன்னு இருக்கும். அது போறதுக்கு முன்னாடி பேசினாதான் மாத்த முடியும்.