ஹேவ்லாக்ல அஞ்சேகாலுக்கே இருட்டிடுமாம்ல!

ராயபுரம் செல்வம்:
நம்ம வேளச்சேரி பிரபு அந்தமான் போயிட்டு வந்து நேத்து "ஹேவ்லாக் தீவு ரிசார்ட்ல நாலு நாள் நிம்மதி"ன்னு ஒரு புராணம் எழுதியிருந்தாரு, படிச்சீங்களா? மரத்துல தூளி கட்டி படுத்தாராம், அலைச்சத்தம் தவிர ஒண்ணும் கேக்கலையாம், சரி ஒழியட்டும். ஆனா சாயந்திரம் அஞ்சேகாலுக்கே கும்மிருட்டாம். யார் காதுல பூ சுத்துறீங்க? நானும் குடும்பத்தோட போனவன்தான். ராதாநகர் பீச்சுல ஆறு மணிக்கு தண்ணிக்குள்ள நின்னு குளிச்சுகிட்டு இருந்தேன், என் பையன் மூஞ்சி பளிச்சுனு தெரிஞ்சுது. ஆறு மணிக்கு! இந்தியா பூரா ஒரே டைம்தானே, அங்க மட்டும் சூரியன் பர்மிஷன் போட்டுட்டு சீக்கிரம் கெளம்பிடுதா?

வேளச்சேரி பிரபு:
செல்வம் அண்ணே, ரெண்டு பக்கம் எழுதினேன், உங்களுக்கு கெடச்சது அந்த ஒரு வரிதானா? நாங்க போனது டிசம்பர் முதல் வாரம். ரிசார்ட் இருந்தது அஞ்சாம் நம்பர் பீச்சுல, கிழக்க பாத்த கரை, சூரியன் நம்ம முதுகுக்குப் பின்னாடி மரங்களுக்குள்ள எறங்கிடும். அஞ்சேகாலுக்கு ரூம் பையன் வந்து மரத்துல ஒரு லைட்ட மாட்டிட்டு போனான். அந்த வெளிச்சத்துல முதுகுல சங்க தூக்கிட்டு திரியுமே அந்த குட்டி நண்டு, என் செருப்பு மேல ஏறி கட்டை விரல் வரைக்கும் வந்து நின்னுச்சு. நான் கால அசைக்கல, அதுவும் அசையல, அரை மணி நேரம் ஓடிப்போச்சு. அத பத்தி யாரும் பேச மாட்டீங்க.

ராயபுரம் செல்வம்:
நண்டு கதை வேணாம். ஆறு மணிக்கு நான் குளிச்சேன். அதுக்கு பதில்?

கேகே நகர் கீதா:
செல்வம் சார், இந்திய நேரத்த கணக்கு பண்றது உ.பி. மிர்சாபூர் பக்கம் போற 82.5 டிகிரி தீர்க்கரேகை கோட்ட வச்சு. சென்னை 80 டிகிரி சொச்சம், ஹேவ்லாக் பக்கத்துல இருக்குற அந்தமான் தலைநகர் போர்ட் பிளேர் 92.7. கெழக்க ஒரு டிகிரி போனா சூரியன் நாலு நிமிஷம் முந்திடும். அப்ப நம்மள விட அம்பது நிமிஷம் முன்னாடி அங்க பொழுது சாஞ்சுடும். டிசம்பர் ஆரம்பத்துல சென்னையிலயே அஞ்சே முக்காலுக்குள்ள சூரியன் மறைஞ்சுடுது, அதுல அம்பது நிமிஷத்த கழிச்சுப் பாருங்க. ஆமா, நீங்க எந்த மாசம் போனீங்க?

ராயபுரம் செல்வம்:
மேடம் டீச்சர் போல, கோடெல்லாம் போட்டு காட்டுறாங்க. நான் ஏட்டுச் சுரைக்காய் பேசல, கண்ணால பாத்தத சொல்றேன். ஆறு மணி. போட்டோவே இருக்கு.

பெரம்பூர் பாஷா:
போடுங்க தலைவரே, பாப்போம்.

ராயபுரம் செல்வம்:
அது பழைய போன்ல இருக்கு பாய். அந்த போன் தண்ணில விழுந்துடுச்சு.

பெரம்பூர் பாஷா:
ஆறு மணிக்கா?

சோழன் மைந்தன்:
எல்லாருக்கும் ஒரு கேள்வி. இன்னுமா ஹேவ்லாக், போர்ட் பிளேர்? ஹேவ்லாக் 2018லயே ஸ்வராஜ் தீவு, போர்ட் பிளேர் 2024லயே ஸ்ரீ விஜயபுரம். வெள்ளைக்காரன் பேர இன்னும் எத்தன நாளைக்கு சொமப்பீங்க?

கேகே நகர் கீதா:
ராஜேந்திர சோழன் 1025ல கப்பல் படையோட போய் அடிச்சதே சுமத்ரா பக்கம் இருந்த ஸ்ரீவிஜய நாட்டத்தான். தோத்தவன் பேர வச்சதுக்கு சோழன் மைந்தன் கை தட்டுறாரு.

சோழன் மைந்தன்:
விஜயம்னா வெற்றிங்க. வரலாறு தெரியாம பேசாதீங்க.

ராயபுரம் செல்வம்:
பேச்ச மாத்தாதீங்கப்பா. பிரபு இன்னொரு புளுகும் விட்டிருக்காரு, சிக்னலே இல்லாம நிம்மதியா இருந்தாராம். 2020லயே நம்ம சென்னையிலிருந்து கடலுக்கடியில கேபிள் போட்டாச்சு, அது ஹேவ்லாக்குக்கும்தான் போகுது. இவருக்கு மட்டும் சிக்னல் இல்லையாம், சூரியனும் இல்லையாம். பொங்கலுக்கு ஏலகிரியில ரூம் போடுறேன்னு சொல்லி எட்டு பேர்கிட்ட அட்வான்ஸ் வாங்கிட்டு, மொத நாள் நைட்டு போன ஆஃப் பண்ணவர்தான இவரு, அப்பவும் சிக்னல் இல்லைன்னுதான் சொன்னாரு.

வேளச்சேரி பிரபு:
போன பீரோல வச்சு பூட்டிட்டேன்னுதான் எழுதியிருக்கேன், கண்ணாடி போட்டு படிங்க. ஏலகிரி காச அன்னிக்கே திருப்பிட்டேன், உங்க பங்குல நீங்க எனக்கு இன்னும் முந்நூறு தரணும்.

கப்பல் தாத்தா:
நீங்கல்லாம் ரெண்டு ரெண்டரை மணி நேரம் பிளைட்ல போயிட்டு வந்து அடிச்சுக்கிறீங்க. நான் 1994ல சென்னை ஹார்பர்ல ஏறி மூணு நாள் அடுக்குப் படுக்கை போட்ட பங்க் கிளாஸ்ல போனவன். எனக்கு விடிஞ்சதும் தெரியல இருட்டுனதும் தெரியல, வாந்தி ஒண்ணுதான் தெரிஞ்சுது.

ராயபுரம் செல்வம்:
பெரியவரே நீங்க சும்மா இருங்க. நான் மே மாசம் ஸ்கூல் லீவுல அந்த மண்டைய பொளக்குற வெயில்ல புள்ளைங்கள கூட்டிட்டு போனவன், எனக்கு தெரியாதா?

கேகே நகர் கீதா:
அப்பாடா, வந்துடுச்சு மாசம்! மே மாசம் அங்க அஞ்சரைக்கு மேலதான் சூரியன் மறையும். அதோட ராதாநகர் மேற்க பாத்த கரை, ஆறு மணிக்கு வெளிச்சம் மிச்சம் இருக்கும். ரெண்டு பேரும் பொய் சொல்லல. முடிஞ்சுதா?

ராயபுரம் செல்வம்:
மாசத்த உள்ள இழுத்துட்டு வந்து தப்பிக்க பாக்காதீங்க மேடம். இவரு "டிசம்பர்ல அஞ்சேகால்"னு எழுதல, "அஞ்சேகால்"னுதான் எழுதினாரு. ஆறு மணி. ராதாநகர். நான் தண்ணிக்குள்ள. இதுக்கு மேல நான் பேசப் போறதில்ல.

பெரம்பூர் பாஷா:
பிரபு, அந்த ரிசார்ட் வாடகை எவ்ளோ, தனியா சொல்லு.

ராயபுரம் செல்வம்:
தனியா என்ன, இங்கயே சொல்லட்டும். ஒரு மீன் வறுவலுக்கு எவ்ளோ தீட்டினாங்கன்னும் சேத்து எழுதட்டும், அப்ப தெரியும் அவரு நிம்மதி.