தரவுத்தளம் நின்றாலும் ரூட் 53 "நலம்" என்றே காட்டுகிறது: என்ன செய்வது?

இரணைமடு:
வணக்கம். கிளிநொச்சியில் ஒரு விவசாயிகள் சங்கத்தின் இணையத்தளத்தைப் பராமரிக்கிறேன். காலபோக விதை நெல்லுக்கான பதிவு அதில்தான் நடக்கிறது. இணையப் பெயர்களை (டிஎன்எஸ்) நிர்வகிக்கும் அமேசன் ரூட் 53 சேவையில், தளம் இயங்குகிறதா என்று அடிக்கடி பார்க்கும் ஹெல்த் செக் போட்டிருக்கிறேன். கடந்த வாரம் எங்கள் தரவுத்தளம் நின்று, பட்டியல் வெறுமையாகக் கிடந்தது. ஒட்டுசுட்டானிலிருந்து ஓர் ஐயா தொலைபேசியில் சொல்லித்தான் தெரியும். கண்காணிப்பில் அப்போதும் "நலம்" என்றே இருந்தது. மின்னஞ்சல் எச்சரிக்கைக்காக அமேசனின் கண்காணிப்புச் சேவையான கிளவுட்வாட்சில் சிங்கப்பூர் பிராந்தியத்தைத் தெரிவு செய்தால், ரூட் 53 அளவீடே அங்கு இல்லை. மழைக்கு முன் விதைக்க நிற்பவர்கள் இனியும் வெறும் பக்கத்தைப் பார்த்துத் திரும்பக் கூடாது.

வவுனியா அக்கா:
தம்பி, ரூட் 53 அளவீடுகள் வட வர்ஜீனியா பிராந்தியத்தில் மட்டுமே கிடைக்கும். அலாரத்தையும், அதன் எச்சரிக்கையை மின்னஞ்சலாக அனுப்பும் எஸ்என்எஸ் தலைப்பையும் அங்கேயே உருவாக்குங்கள். பின்னர் உங்களுக்கு வரும் உறுதிப்படுத்தல் மின்னஞ்சலின் இணைப்பை அழுத்த வேண்டும். அதுவரை ஓர் எச்சரிக்கையும் வராது. சங்கத்தில் இன்னொருவரையும் சேர்த்துவிடுங்கள். நீங்கள் வயலில் நிற்கும்போது அவராவது பார்ப்பார்.

நந்திக்கடல்:
முதல் சிக்கல்தான் பெரியது. தளம் "கோரிக்கை வெற்றி" எனப் பொருள்படும் 200 என்ற குறியீட்டை அனுப்பினால், உள்ளே பட்டியல் இருக்கிறதா என்று ஹெல்த் செக் பார்ப்பதில்லை. 2, 3 எனத் தொடங்கும் குறியீடுகள் எல்லாமே அதற்கு நலம்தான். ஆகவே பக்கத்தில் குறித்த ஒரு சொல் இருக்கிறதா என்று தேடும் வசதியை இயக்குங்கள். ஆனால் அது பக்கத்தின் முதல் 5,120 பைட்டுக்குள் மட்டுமே தேடும். யூனிகோடின் யூடிஎஃப்-8 வடிவில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக் குறியும் 3 பைட் பிடிப்பதால், நம் பக்கங்களில் அந்த எல்லை விரைவில் முடிந்துவிடும். முகப்புப் பக்கத்தை நம்பாதீர்கள். தரவுத்தளத்திலிருந்து ஒரு வரியை எடுத்து, அது கிடைத்தால் மட்டும் ஒரு சொல்லை அச்சிடும் சிறு பக்கம் எழுதி, அதைச் சோதிக்க விடுங்கள்.

இரணைமடு:
மிக்க நன்றி அக்கா, அண்ணா. சிறு பக்கம் தயார். தளத்தை நிறுத்தாமல் எச்சரிக்கையைச் சோதிக்க வழி உண்டா?

வவுனியா அக்கா:
ஹெல்த் செக் அமைப்பில் நிலையைத் தலைகீழாக்கும் தெரிவு இருக்கிறது. அதை இயக்கினால் நலமான தளமும் பழுதாகத் தெரியும். மின்னஞ்சல் வந்ததும் மறக்காமல் பழையபடி மாற்றுங்கள்.

நந்திக்கடல்:
இன்னொன்று: பாதுகாப்பான இணைப்பான எச்டிடிபிஎஸ் வழியான சோதனையிலும் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழை ரூட் 53 சரிபார்ப்பதில்லை. அது காலாவதியானாலும் "நலம்" என்றே காட்டும். புதுப்பிக்கும் திகதிக்குத் தனி நினைவூட்டல் வையுங்கள்.