தொடுகல்: ரெப்ளிகாவுக்கு நான் வைக்கிற சொல்

எல்லாருக்கும் வணக்கம். கண்காட்சிக்குச் செய்யிற ரெப்ளிகாவுக்கு, அதாவது பழைய சாமானப் பாத்து அதே மாதிரிச் செஞ்சு வைக்கிறதுக்கு, தமிழில என்ன சொல் போடுறது எண்டு மூணு நாளா வந்த மெயில் எல்லாத்தையும் வாசிச்சன். நகல், பிரதி, மாதிரி, போலி, ஒப்புரு எண்டு அஞ்சு சொல் வந்து கிடக்கு. ஒவ்வொண்டுக்கும் மேல எனக்குப் பட்டதச் சொல்றன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கங்க.

> போலி எண்டு போட்டா என்ன பிழை? சின்னச் சொல், எல்லாருக்கும் விளங்கும்.

தம்பி, அந்தச் சொல்ல நாங்க ஒருக்காப் போட்டுப் பாத்திட்டம். போன வருசம் வாகரைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில கண்காட்சி. கதிரவெளியில பெருங்கற்காலத்து ஈமச்சின்னம் பதிவாகி இருக்கு, ஆனா அந்தப் பக்கத்துப் புள்ளைகளே கற்பதுக்கை எண்டா என்னெண்டு கேக்குதுகள், அதால ஒண்டு செஞ்சு காட்டுவம் எண்டு முடிவெடுத்து தம்புள்ளைக்குக் கிட்ட இப்பன்கட்டுவையில இருக்கிற பதுக்கைகள்ற படத்தப் பாத்துத்தான் செஞ்சம். கற்பதுக்கை எண்டுறது செத்தாக்கள அடக்கம் பண்ணக் கல்லால கட்டின பெட்டி: நாலு பக்கமும் பலகைக்கல்லு, மேல ஒரு மூடுகல்லு, உள்ளுக்கு ஒரு தாழி. ரெஜிபோமை (பாரமில்லாத வெள்ளை நுரைப் பலகை) வெட்டி, கோழிவலை சுத்தி, அதுக்கு மேல சீமெந்தும் ஆத்துமணலும் குழைச்சுப் பூசி, காஞ்ச மறுகா சாம்பல் கலர் அடிச்சு, தூரத்தில நிண்டு பாத்தா கல்லேதான். லேபல்ல "போலிக் கற்பதுக்கை" எண்டு நாங்களே எழுதி ஒட்டினம். ஊர்ப் பெரியவர் ஒருத்தர் வந்தார், லேபல வாசிச்சார், "போலியெண்டா ஏன் மனே நடு மண்டபத்தில வெச்சிருக்கியள்?" எண்டு கேட்டார், உள்ளுக்கு எட்டியும் பாக்காமப் போயிட்டார். அவரில பிழையில்ல. போலி மருந்து, போலி நோட்டு, போலிச் சாமியார் எண்டு ஏமாத்துற சாமானுக்கெல்லாம் நாம வெச்சிருக்கிற சொல்லு அது. நாங்க ஆரையும் ஏமாத்தேல்ல.

நகல், பிரதி ரெண்டும் கடதாசிக்குரியது. கச்சேரியில (அரசாங்கக் கந்தோரில) "உண்மைப் பிரதி" எண்டு சீல் குத்துறது காதில விழுகுதே தவிர கல்லு கண்ணுக்கு வருகுதில்ல. மாதிரி எண்டா மாதிரி வினாத்தாள் ஞாபகம் வருது, அதோட மாதிரி சின்னதாயும் இருக்கலாம், மேசையில வைக்கிற அளவுக்கு. நாம பேசுறது ஆள் உள்ளுக்கு இறங்கி இருந்து பாக்கிற அளவு சாமான.

சம்மாந்துறை நானா சொன்ன ஒப்புரு எனக்குப் பிடிச்சிருக்கு, பொதுச் சொல்லா அத வெச்சிருப்பம். பிரான்சில லாஸ்கோ குகைய 1948ல சனத்துக்குத் திறந்தாங்க, ஆக்கள்ற மூச்சாலயும் லைட் வெளிச்சத்தாலயும் சுவரில பாசி பிடிச்சு ஓவியம் கெடத் தொடங்கினதும் 1963ல மூடிட்டாங்க, மறுகா 1983ல பக்கத்திலயே அந்தக் குகையில ஒரு பகுதிய அப்பிடியே செஞ்சு திறந்தாங்க, 2016ல இன்னும் பெரிசா இன்னொண்டும் வந்திட்டு. அதுக்கு ஒப்புரு எண்டுறது நல்லாப் பொருந்தும், ஏனெண்டா அங்க வேலை கண்ணுக்குத்தான். தாழிக்கும் பாசிமணிக்கும் ஒப்புரு போதும்.

கல்லுச் சின்னத்துக்கு அது காணாது எண்டுறதுதான் என்ட வாதம்.

அந்தக் கண்காட்சிக்கு கண் தெரியாத ஒரு புள்ள வந்திச்சு, ஏழாம் ஆண்டோ எட்டாம் ஆண்டோ. மத்தவங்க எல்லாம் சுத்திப் பாத்து போட்டோ எடுத்திட்டுப் போனாங்க, இந்தப் புள்ள மட்டும் மூடுகல்லில ரெண்டு கையையும் வெச்சு ஓரத்தால மெதுவாத் தடவிக்கொண்டே ஒரு முழுச் சுத்து வந்திச்சு. ஒரு மூலையில விரல் நிண்டிட்டு. சீமெந்து காயிறதுக்கு முந்தி ஆரோ ஒரு புள்ள விரலால அமத்தி வெச்ச மூணு குழி அதில இருந்திச்சு. "சேர், இந்தக் குழி உண்மையான கல்லிலயும் இருக்கா, நீங்க வெச்சதா?" எண்டு கேட்டுச்சு. அண்டைக்கு வந்த சனத்துக்குள்ள அந்தக் கேள்விய வேற ஒருத்தரும் கேக்கேல்ல. எது அங்க இருந்தது, எது நாங்க ஊகிச்சுச் சேத்தது எண்டுறதுதான் தொல்லியல்லயே பெரிய கேள்வி, அத அந்தப் புள்ள கையாலயே பிடிச்சிட்டு.

இங்கிலாந்தில இருக்கிற பெருங்கல் வட்டம் ஸ்டோன்ஹெஞ்சில 1970கள்ல இருந்து கயிறு கட்டித் தள்ளி வெச்சிருக்காங்க, சாதாரணமாப் போறாக்கள் கிட்டப் போய்த் தொட ஏலாது. ஆனா 2013ல திறந்த பார்வையாளர் நிலையத்துக்கு வெளிய ஒரு பெரிய கல்ல மரச்சறுக்கில ஏத்திக் கயிறு போட்டு வெச்சிருக்காங்க, வாறாக்கள் இழுத்துப் பாக்கலாம். அங்கத்தப் பெரிய கல்லுகள் சராசரி 25 டன். அந்தப் பாரம் எண்ணிக்கையா எழுதினா ஒருத்தருக்கும் ஏறாது, கயிறப் பிடிச்சு இழுத்தாத்தான் ஏறும். கொக்கட்டிச்சோலைத் தேர்வடத்தப் பிடிச்ச கைக்கு இதச் சொல்லத் தேவையில்ல.

கொக்கட்டிச்சோலை எண்டதும் இதையும் சொல்றன். அங்க மூலவர் தான்தோன்றி, ஆரும் செஞ்சு வெச்சதில்ல எண்டு நம்புறம், கர்ப்பக்கிரகத்த விட்டு அசையிறதும் இல்ல. எழுந்தருளிதான் வெளிய வாறார், வீதி சுத்துறார், கோயிலுக்குள்ள நடந்து வர ஏலாத கிழவிக்கும் முன்னால வந்து நிக்கிறார். எழுந்தருளிய ஒருத்தராவது மூலவர்ற நகல் எண்டோ போலி எண்டோ சொல்லிக் கேட்டிருக்கமா? ரெண்டுக்கும் வேற வேற வேலை. அசல் இருந்த இடத்தில பத்திரமாக் கிடக்க, இது சனத்திட்டப் போகுது. அப்ப பேரும் அது செய்யிற வேலையில இருந்துதான் வரோணும்.

அதால நான் வைக்கிற சொல்லு தொடுகல். நட்ட கல்லுக்கு நடுகல் எண்டு முன்னோர் வெச்சாங்க, தொட வெச்ச கல்லுக்குத் தொடுகல், ரெண்டும் வினைத்தொகை. மூணாம் வகுப்புப் புள்ளையும் வாசிச்ச உடனே கைய நீட்டும்.

> தொடுதல் எண்டா பழந்தமிழில தோண்டுறது அல்லவா? "தொட்டனைத் தூறும் மணற்கேணி".

உண்மைதான் டீச்சர், இத முதல் மெயில்லயே எதிர்பாத்தன். ஆனா இண்டைக்குப் பேசுறதில அந்தப் பொருள் இல்ல. அப்பிடி ஆரும் எடுத்தாலும், தோண்டி எடுத்த கல்லப் பாத்துச் செஞ்சதுதானே, எனக்கு அதுல சங்கடமே இல்ல.

> பொன் உரசிப் பாக்கிற கல்லோட குழம்பாதா?

அதுக்கு உரைகல், கட்டளைக்கல் எண்டு தமிழில ஏற்கெனவே உறுதியான சொல் இருக்கு. குழம்பாது.

எனக்கே இருக்கிற ஒரு கவலையும் இருக்கு. எங்கட மூடுகல்ல ரெண்டு பொம்பிளப் புள்ளைகள் ஒத்தக் கையால தூக்கிட்டு "இவ்வளவுதானா சேர்" எண்டு கேட்டுதுகள். ரெஜிபோம் தானே. ரெண்டு மீற்றர் நீளம், ஒரு மீற்றர் அகலம், 20 சென்ரிமீற்றர் தடிப்பு உள்ள கருங்கல்லுப் பலகை ஒரு டன்னுக்கு மேல வரும், 50 கிலோ சீமெந்து பேக் 21க்கும் கூட. தொட்டுப் பாக்க விட்டு பாரத்தில பொய் சொன்னா அது தொடுகல் எண்ட பேருக்கே பழுது. அதால இந்த முறை பக்கத்தில அதே அளவுப் பலகை ஒண்டில மணல் மூட்டை அடுக்கி, அடியில உருளைக்கட்டை போட்டு, வடம் கட்டி வைக்கப் போறம். அந்த இழுக்கிற சாமானுக்கும் தனிப் பேர் வேணுமா, இல்ல தொடுகல்லுக்குள்ளயே அடக்கலாமா எண்டு எனக்குத் தெளிவில்ல. அக்கரைப்பற்று அண்ணன் "இழுகல்" எண்டு ஒருக்கா சொன்னீங்க, அத விளக்கி எழுதுங்க.

இன்னொண்டு. அமெரிக்காவில வாசிங்டன் மாநிலத்தில முதலாம் உலகப்போர்ல செத்த அந்த ஊர்ப் பொடியனுகளுக்காக 1918ல தொடங்கி கொங்கிறீட்டில ஒரு முழு ஸ்டோன்ஹெஞ்ச் கட்டினாங்க. அதுக்கு என்ன பேர் எண்டு அக்கா கேட்டிருந்தீங்க. செஞ்ச விதத்தில ஒப்புரு, ஆனா செத்தவன்ட பேரச் சொல்லி நட்டிருக்கு, அதால என்னப் பொறுத்தவரைக்கும் அது நடுகல்தான்.

லேபல் எழுதுற தம்பி சனிக்கிழமைக்குள்ள சொல்லச் சொல்லியிருக்கான். பன்மை எழுத்தில தொடுகற்கள், பேச்சில தொடுகல்லுகள் எண்டு போடலாமா? லேபல்ற கீழ் வரியில "மூலையில இருக்கிற மூணு விரல் குழியும் நாங்க வெச்சது" எண்டும் எழுதச் சொல்லிட்டன்.