உபுண்டு கணினியைக் கட்டளை வரியில் தொடங்கிக் கணக்குக் கோப்புகளை எடுப்பது எப்படி?

கேள்வி (மன்னார்குடி)

வணக்கம். எங்கள் நெல் அரவை ஆலையின் கணினியில் உபுண்டு 22.04 (லினக்ஸ் வகை இயங்குதளம்) இயங்குகிறது. கடவுச்சொல்லைச் சரியாகக் கொடுத்தாலும் திரை ஒரு நொடி கறுத்து, மீண்டும் நுழைவுத் திரைக்கே வந்து நிற்கிறது. கடவுச்சொல் தவறு என்ற செய்தியும் வருவதில்லை. சம்பா அறுவடை நடக்கும் இந்த நேரத்தில், எந்த விவசாயிக்கு எத்தனை மூட்டைக்குப் பணம் தர வேண்டும் என்ற கணக்கு முழுவதும் அதில்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுமாறு பழுது பார்ப்பவர் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. கட்டளை வரியில் மட்டும் தொடங்கி, கோப்புகளைப் பென் டிரைவுக்கு எடுக்க இயலுமா?

மறுமொழி (கும்பகோணம்)

இயலும் ஐயா, தயவுசெய்து எதையும் அழிக்க விடாதீர்கள். நுழைவுத் திரை வரை வருவதால், முதலில் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளைச் சேர்த்து அழுத்திப் பாருங்கள். எழுத்துத் திரை வந்தால் அதுவே போதும்.

வராவிட்டால், கணினியை மீண்டும் தொடங்கி, தயாரிப்பாளரின் முத்திரை மறைந்ததும் எஸ்கேப் விசையை ஒருமுறை அழுத்துங்கள் (பழைய பயாஸ் கணினியானால் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடிக்க வேண்டும்). கிரப் (எந்த இயங்குதளத்தைத் தொடங்குவது என்று கேட்கும் நிரல்) பட்டியலில் உபுண்டு வரியின்மீது நின்று ஆங்கில 'e' விசையை அழுத்தினால் தொடக்க வரிகள் தெரியும். அவற்றுள் 'லினக்ஸ்' (linux) என்று தொடங்கும் வரியின் இறுதிக்குச் சென்று, எழுத்துத் திரையில் மட்டும் தொடங்குவதற்காக ஓர் இடைவெளி விட்டு 3 என்ற எண்ணைச் சேர்த்து, எஃப்10 விசையை அழுத்துங்கள். இந்த மாற்றம் அந்த ஒரு தொடக்கத்துக்கு மட்டுமே பொருந்தும் என்பதால் அஞ்ச வேண்டியதில்லை. கடவுச்சொல்லைத் தட்டும்போது திரையில் புள்ளிகூடத் தோன்றாது. தட்டி முடித்து என்டர் கொடுங்கள்.

உள்ளே சென்றதும், வட்டில் எவ்வளவு இடம் நிரம்பியுள்ளது என்று காட்டும் 'டிஎஃப் -ஹெச்' (df -h) கட்டளையின் விடையைப் பாருங்கள். வட்டு நிரம்பிவிட்டால், வரைகலை அமர்வு தொடங்கும்போது எழுத வேண்டிய சிறு கோப்புகளை எழுத முடியாமல் இப்படித்தான் திருப்பி அனுப்பும்.

கேட்டவர்

எழுத்துத் திரை வந்துவிட்டது, மிக்க நன்றி. முதன்மைப் பகிர்வு 100 விழுக்காடு என்று காட்டுகிறது. ஆனால் 'குறுவை', 'சம்பா', 'தாளடி' என்று தமிழில் பெயரிட்ட கோப்புறைகள் எல்லாம் கட்டங்களாகத் தெரிகின்றன. கோப்புகள் கெட்டுவிட்டனவா?

மறுமொழி (திருவாரூர்)

கெடவில்லை. லினக்ஸின் எழுத்துத் திரைக்குத் தமிழ் எழுத்துகளைக் கோத்துக் காட்டும் வசதி கிடையாது. பெயர்கள் வட்டில் அப்படியே இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பெயரைத் தட்ட முயலாமல், வீட்டு அடைவு (உங்கள் கோப்புகள் இருக்கும் ஹோம் கோப்புறை) முழுவதையும் 'டார்' (tar) கட்டளையால் ஒரே கோப்பாகக் கட்டி, நேராகப் பென் டிரைவிலேயே எழுதுங்கள். வட்டில் இடம் இல்லாத நிலையில் அதுவே பொருத்தமான வழி. பென் டிரைவின் வடிவமைப்பு எதுவானாலும் கட்டுக்குள் தமிழ்ப் பெயர்கள் மாறாமல் இருக்கும். ஃபேட்32 என்ற வடிவமைப்பில் உள்ள பென் டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். இங்கே பென் டிரைவு தானாக இணையாது. 'எல்எஸ்பிஎல்கே' (lsblk) கட்டளை காட்டும் பட்டியலில் அளவை வைத்து அதை அடையாளம் கண்டு, 'சூடோ மவுண்ட்' (sudo mount; 'சூடோ' என்பது நிர்வாகி உரிமையுடன் இயக்குவது) கொடுத்து இணைக்க வேண்டும். முடிந்ததும் 'சூடோ யுமவுண்ட்' (sudo umount) கொடுத்த பிறகே பிடுங்க வேண்டும்.

கேட்டவர்

கணக்குகள் பத்திரமாக வந்துவிட்டன. வட்டை நிரப்பியது 'வார்' (/var) அடைவில் உள்ள 'சிஸ்லாக்' (syslog) என்ற பதிவுக் கோப்பு. அதை நீக்கிவிடலாமா?

மறுமொழி (கும்பகோணம்)

நீக்க வேண்டாம், பதிவு எழுதும் நிரல் அதைத் திறந்தே வைத்திருப்பதால், நீக்கினாலும் இடம் உடனே விடுபடாது. 'சூடோ ட்ரங்கேட்' (sudo truncate) கட்டளையில் அளவு 0 என்று கொடுத்து உள்ளடக்கத்தை மட்டும் காலி செய்து, கணினியை மீண்டும் தொடங்குங்கள். அதற்கு முன், 'டெய்ல்' (tail) கட்டளையால் கடைசி வரிகளைப் பார்த்து, திரும்பத் திரும்ப வரும் பிழைச் செய்தியை இங்கே எழுதுங்கள். எந்தச் சாதனம் அதை எழுதுகிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்யாவிட்டால் வட்டு மறுபடியும் நிரம்பிவிடும்.